தினமும் நடந்தும் எடை குறையவில்லை, நடையை விட்டுவிடலாமா?

கொள்ளிடக்கரை கேட்டது:

வணக்கம். அம்மாவுக்கு வயது 58, உயரம் 152 செ.மீ., எடை 61 கிலோ. நான்கு வருடமாகச் சுகர், பிபியும் உண்டு. நடக்க ஆரம்பிப்பதற்கு முன் எச்பிஏ1சி (இரண்டு மூன்று மாதச் சராசரிச் சுகரைக் காட்டும் பரிசோதனை) 7.8. நான்கு மாதம் கழித்து 7.1. மாத்திரை மாறவில்லை, சாப்பாடும் அதே சாப்பாடுதான். காலையில் அரை மணி நேரம் எங்கள் தெருவிலேயே நடக்கிறார். எடை மட்டும் 61-ஐ விட்டு அசையவில்லை. "நடந்து என்ன கண்டேன், கால் வலிதான் மிச்சம்" என்று விட்டுவிடப் பார்க்கிறார்.

எடை குறையாத நடையால் பலன் உண்டா? உண்டென்றால் எதை வைத்து அளப்பது? நடை மட்டும் போதுமா, வேறு ஏதாவது சேர்க்க வேண்டுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

சர்க்கரைக்கணக்கு எழுதியது:

பதிலை நீங்களே எழுதிவிட்டுக் கேள்வி கேட்டிருக்கிறீர்கள். மருந்து மாறாமல், சாப்பாடு மாறாமல் 7.8 என்பது 7.1 ஆகியிருக்கிறது. 2001-ல் ஜாமா மருத்துவ இதழில், டைப் 2 சர்க்கரைக்காரர்களுக்கு உடற்பயிற்சி தந்து பார்த்த பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து அலசிய கட்டுரை ஒன்று வந்தது. பயிற்சி செய்தவர்களின் எச்பிஏ1சி மற்றவர்களைவிடச் சராசரியாக 0.66 புள்ளி குறைவு. எடையில் குறிப்பிடும்படி வித்தியாசமே இல்லை. உங்கள் அம்மாவுக்குக் கிடைத்ததும் கிட்டத்தட்ட அதே அளவுதான். மாத்திரை ஒன்று கூட்டினால் கிடைக்கிற பலனுக்கு இது பக்கத்தில் வரும்.

எடை குறையாமல் சுகர் எப்படிக் குறைகிறது? சாப்பிட்டபின் ரத்தத்தில் ஏறும் குளுக்கோஸில் பெரும்பங்கை வாங்கிக்கொள்ள வேண்டியது தசை. சாதாரண நேரத்தில் இன்சுலின் வந்து சொன்னால்தான் தசை செல்லுக்குள் இருக்கும் குளூட்-4 என்ற கடத்திகள் மேலே வந்து குளுக்கோஸை உள்ளே இழுக்கும். டைப் 2 சர்க்கரையில் கெட்டுப்போவது இந்த இடம்தான்: இன்சுலின் இருக்கும், தசை கேட்காது. ஆனால் தசை சுருங்கி விரியும்போது இன்சுலின் இல்லாமலேயே அதே கடத்திகள் மேலே வருகின்றன. நடக்கும்போது வேலை செய்வது இந்த இரண்டாவது வழி. நடை முடிந்த பிறகும் ஒரு நாள், இரண்டு நாள் வரை தசை இன்சுலினுக்கு நன்றாகவே இணங்கும். அப்புறம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடாதீர்கள் என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். திங்கள் முதல் சனி வரை சும்மா இருந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் நடப்பதில் சுகருக்கு அவ்வளவு ஆதாயம் இல்லை.

நம் ஊர் ஆதாரமே இருக்கிறது. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு 2006-ல் வெளிவந்தது. சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை எடுத்துக்கொண்டு மூன்று ஆண்டு கவனித்தார்கள். வழக்கமான அறிவுரையோடு விட்ட பிரிவில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. நடையும் சாப்பாட்டு ஆலோசனையும் பெற்ற பிரிவில் 39.3 சதவீதம். இந்தப் பிரிவிலும் எடை குறையவில்லை என்பதுதான் அந்த ஆய்வின் பேசப்பட்ட விஷயம். (இதில் சாப்பாட்டு ஆலோசனையும் கலந்திருக்கிறது, எல்லாப் பெருமையையும் நடைக்கே கொடுக்க முடியாது.)

எடை ஏன் குறையவில்லை என்பது சின்னக் கணக்கு. 61 கிலோ எடையுள்ளவர் அரை மணி நேரம் மிதமான வேகத்தில் நடந்தால் சுமார் 105 கலோரி. சும்மா உட்கார்ந்திருந்தாலே அதில் 30 போயிருக்கும். ஆக, நடை கூடுதலாகச் செலவழித்தது 75 கலோரி. திரும்பி வரும் வழியில் ஒரு மெதுவடையும் சர்க்கரை போட்ட டீயும் போதும், அது முழுவதும் திரும்பி வந்துவிடும். எடை குறைவது பெரும்பாலும் தட்டில் நடக்கிற வேலை. நடையைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஒரே ஒரு மாற்றம் சொல்கிறேன். காலை அரை மணி நேரத்தை அப்படியே வைத்துக்கொண்டு, ராத்திரி சாப்பிட்ட பிறகு 10 முதல் 15 நிமிடம் சேர்க்கச் சொல்லுங்கள். கடைசி வாய் சாப்பிட்டு அரை மணிக்குள் கிளம்பிவிட வேண்டும். சாப்பிட்ட ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் சுகர் உச்சிக்குப் போகும், அதற்கு முன்பே தசை வேலையில் இருக்க வேண்டும். நியூசிலாந்தில் 2016-ல் வந்த ஆய்வில், தினம் ஒரே தடவையாக 30 நிமிடம் நடந்தவர்களைவிட ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்குப் பின் 10 நிமிடம் நடந்தபோது உணவுக்குப் பிந்தைய சுகர் சராசரியாக 12 சதவீதம் குறைவாக இருந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் 22 சதவீதம். இரவில்தான் நாம் அதிகம் சாப்பிடுகிறோம், சாப்பிட்டதும் டிவி முன்னால் உட்காருகிறோம். அங்கே போட்டால் பலன் இரட்டிப்பு.

அம்மா என்னென்ன மாத்திரை எடுக்கிறார் என்று சொல்லுங்கள். அதைப் பொறுத்துச் சில எச்சரிக்கைகள் உண்டு.

---

லேப்மேசை எழுதியது:

எதை அளப்பது என்று கேட்டீர்கள். எடை மெஷினை மூன்று மாதத்துக்குக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம்.

முதலில் இடுப்பு. தையல்காரர் டேப் போதும். தொப்புளை வைத்து அளக்காதீர்கள், தொப்புள் ஆளுக்கு ஆள் இறங்கும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், உடம்பை ஒட்டி, மூச்சை இயல்பாக வெளியே விட்டு முடிக்கும்போது அளக்க வேண்டும். புடவைக் கொசுவத்துக்கு மேல் அளந்தால் மூன்று நான்கு செ.மீ. சும்மா கூடும். இந்தியப் பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. என்பது எல்லைக்கோடு. எடை அப்படியே இருந்து இடுப்பு 2 செ.மீ. இறங்கினால் வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்பு குறைகிறது என்று அர்த்தம். ஃபேட்டி லிவர் இருப்பவர்களுக்கும் இதே கதைதான், எடை மாறாமலேயே ஈரல் கொழுப்பு பயிற்சியால் குறையும்.

நம் ஆட்களுக்கு எடை எவ்வளவு மோசமான அளவுகோல் என்பதற்கு 2004-ல் லான்செட் இதழில் வந்த ஒரு படம் புகழ்பெற்றது. புனே டாக்டர் யாஜ்னிக், லண்டன் டாக்டர் யுட்கின் இருவருக்கும் பிஎம்ஐ (உயரத்தோடு ஒப்பிட்ட எடைக் கணக்கு) ஒரே 22.3. உடல் கொழுப்பு மட்டும் யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. அந்தக் கொழுப்புக்கும் தசைக்கும் இடையே நடக்கிற கொடுக்கல் வாங்கலை எடை மெஷின் காட்டாது.

அடுத்தது, க்ளூக்கோமீட்டர் வீட்டில் இருந்தால் அம்மாவையே நம்ப வைக்க ஒரு சோதனை. ஒரே சாப்பாடு, உதாரணமாக மூன்று இட்லி, அதே சாம்பார். ஒரு நாள் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கட்டும். இன்னொரு நாள் சாப்பிட்டுவிட்டு 15 நிமிடம் நடக்கட்டும். இரண்டு நாளும் முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து சரியாக ஒன்றரை மணியில் குத்திப் பாருங்கள். ஒரு ஜோடியை வைத்து முடிவு கட்டாதீர்கள். மீட்டரே 15 சதவீதம் வரை முன்பின் காட்டும், ஆகவே 10 மி.கி. வித்தியாசத்துக்குப் பொருள் இல்லை. மூன்று ஜோடி எடுத்தால் தெரிந்துவிடும். குத்துவதற்கு முன் கையைச் சோப்பு போட்டுக் கழுவி நன்றாகத் துடைக்க வேண்டும். பழம் நறுக்கிய விரலில் 140 இருக்கிற இடத்தில் 200 கூடக் காட்டும்.

பிபி பார்ப்பதானால் காலையில் நடப்பதற்கு முன், ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கை நெஞ்சு உயரத்தில். நடந்து வந்தவுடன் பார்த்தால் தப்பான கணக்கு: முதல் சில நிமிடம் கூடுதலாகவும், பிறகு பல மணி நேரம் வழக்கத்தைவிடக் குறைவாகவும் இருக்கும். ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்குத் தொடர்ந்த பயிற்சியால் மேல் அளவு 5 முதல் 8 வரை இறங்குவது வழக்கம்.

எச்பிஏ1சி-க்கு ஒரு எச்சரிக்கை. அது இரண்டு மூன்று மாதச் சராசரி. ஒரு மாதத்தில் திரும்ப எடுப்பது காசுக்குக் கேடு. இரும்புச்சத்துக் குறைவான ரத்தசோகை இருந்தால் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும், ஆகவே ஹீமோகுளோபினும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜிம் வாசலில் ஏறி நின்றால் தசை இத்தனை, கொழுப்பு இத்தனை என்று சீட்டு தரும் மெஷின்களை ரொம்ப நம்பாதீர்கள். ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு ஏறினாலே அதன் கணக்கு மாறும்.

---

வேகநடை எழுதியது:

10,000 அடி நடந்தால் எல்லாம் சரியாகிவிடும். அதுவும் காலையில் வெறும் வயிற்றில், செருப்பில்லாமல் நடந்தால் நரம்பெல்லாம் தூண்டப்படும். எலும்பும் பலப்படும். வேறு எதுவும் தேவையில்லை.

---

சர்க்கரைக்கணக்கு எழுதியது:

வேகநடை சார், மற்றதை விடுங்கள், செருப்பில்லாமல் என்பதை மட்டும் சர்க்கரைக்காரருக்குச் சொல்லாதீர்கள். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருப்பது பலருக்குத் தெரியவே தெரியாது. முள் குத்தியிருக்கும், கொப்புளம் வந்திருக்கும், சாயங்காலம் தரையில் ரத்தம் பார்த்த பிறகுதான் தெரியும். மதிய வெயிலில் கோயில் பிராகாரக் கல்லில் நடந்து பாதம் வெந்துபோய் வருகிறவர்கள் ஒவ்வொரு கோடையிலும் உண்டு.

வீட்டுக்குள் எம்சிஆர் செருப்பு (மெத்தென்ற ரப்பர் வைத்தது), வெளியே முன்பக்கம் அகலமான ஷூ, காட்டன் சாக்ஸ். ஷூ வாங்குவது சாயங்காலம் இருக்கட்டும், கால் அப்போதுதான் சற்று வீங்கி உண்மையான அளவில் இருக்கும். போடுவதற்கு முன் கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். ராத்திரி படுக்கும் முன் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பார்த்து, விரலிடுக்கை ஈரமில்லாமல் துடைக்க வேண்டும்.

10,000 என்பது 1960-களில் ஜப்பானில் அடி எண்ணும் கருவி விற்றபோது பரவிய எண். அதற்குக் கீழேயே, ஏழு எட்டாயிரத்திலேயே பலனின் பெரும்பகுதி வந்துவிடுகிறது. இரண்டாயிரம் நடப்பவர் நாலாயிரம் நடந்தால்தான் மிகப்பெரிய லாபம். அடியை எண்ணுவதைவிட வேகம் பாருங்கள்: நிமிடத்துக்குச் சுமார் 100 அடி. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை (பிபி, இதயத்துக்குத் தருவது) எடுப்பவர்களுக்கு நாடித்துடிப்பு அவ்வளவாக ஏறாது, அவர்கள் வாட்சைப் பார்க்காமல் இந்தப் பேச்சுக் கணக்கையே வைத்துக்கொள்ள வேண்டும்.

---

முட்டிவைத்தியர் எழுதியது:

எலும்பு பலப்படும்னு மேல ஒருத்தர் எழுதினாரே, அதுக்குப் பிசியோவா ஒரு பதில். சமதரையில நடக்கிற நடை எலும்புக்கு ரொம்பக் கொஞ்சம்தான் செய்யும். தினமும் பழகின அதே பாரம், எலும்புக்கு அதுல புதுசா ஒண்ணும் இல்ல. நீச்சலும் சைக்கிளும் எலும்புக்கு இன்னும் கம்மி, பாரமே இறங்காது. எலும்பு கெட்டியாகணும்னா பழக்கத்தைவிடக் கூடுதலான பாரம் தசை வழியா அதை இழுக்கணும். மாதவிடாய் நின்ன பிறகு முதல் சில வருஷம் எலும்பு வேகமாக் கரையும், உங்க அம்மா அந்த வயசுலதான் இருக்காங்க. தசையும் ஐம்பதுக்கு மேல வருஷத்துக்கு ஒரு சதவீதம் கணக்குல போகும். தசை குறைஞ்சா சுகரை வாங்கி வைக்கிற இடமும் குறையுது. இதனாலதான் உலக சுகாதார நிறுவனம் 2020 வழிகாட்டுதல்ல வாரம் 150 முதல் 300 நிமிஷ நடைக்கு மேல, வாரம் ரெண்டு நாளாவது தசை வலுப்படுத்துற பயிற்சின்னு தனியாச் சொல்லியிருக்கு. 65-க்கு மேல போனவங்களுக்குச் சமநிலைப் பயிற்சி வாரம் மூணு நாள். இந்தப் பாதியை எல்லாரும் விட்டுடறாங்க.

முதல்ல ஒரு சோதனை. கை வச்ச நாற்காலி வேண்டாம். சுமார் 45 செ.மீ. உயர நாற்காலி, சுவரோட ஒட்டிப் போடுங்க. கையை நெஞ்சுல குறுக்கே கட்டிக்கிட்டு 30 வினாடியில எத்தனை தடவை முழுசா எழுந்து உட்கார முடியுதுன்னு எண்ணுங்க. 60-லிருந்து 64 வயசுப் பெண்ணுக்கு 12-க்குக் கீழ வந்தா கால் பலம் கம்மின்னு கணக்கு. 58 வயசுல அதையாவது தாண்டணும். அப்புறம் சமையல் மேடை பக்கத்துல நின்னு ஒத்தைக் கால்ல 10 வினாடி நிக்க முடியுதான்னு பாருங்க. ரெண்டையும் தேதி போட்டு எழுதி வைங்க, ரெண்டு மாசம் கழிச்சு இதே சோதனை.

இப்ப பயிற்சி. வாரத்துல ரெண்டு நாள், நடுவுல ஒரு நாளாவது இடைவெளி, ஒவ்வொண்ணும் 8-லிருந்து 12 தடவை, ரெண்டு சுற்று. சுற்றுக்கு நடுவுல ஒண்ணரை நிமிஷம் ஓய்வு. மொத்தம் 25 நிமிஷம் ஆகும்.

உட்கார்ந்து எழுதல்: இதுதான் ராஜா. பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், டைல்ஸ்ல காலை விரிச்சுக்கிட்டு சறுக்கும். மர நாற்காலி அல்லது கட்டில் விளிம்பு. பாதம் தோள் அகலம், குதிகால் முட்டிக்குக் கொஞ்சம் பின்னால. உடம்பை முன்னால சாய்ச்சு, மூக்கு கால் கட்டைவிரலுக்கு நேரா வந்ததும் எழுந்திருக்கணும். எழும்போது மூச்சை விடணும். இறங்கறது மூணு எண்ணிக்கை. இங்கதான் எல்லாரும் கோட்டை விடறாங்க, தொபுக்குனு விழுந்துடறாங்க. இறங்கும்போதும் தசைக்கு நல்ல வேலை உண்டு. முட்டி ரெண்டும் உள்பக்கம் ஒட்டுதான்னு எதிர்ல நின்னு பாருங்க. ஒட்டினா தொடையைச் சுத்தி ஒரு துண்டை லூசாக் கட்டி, அதை வெளியே தள்ளிக்கிட்டே எழுந்திருக்கச் சொல்லுங்க. முட்டி வலிச்சா ஜமுக்காளத்தை மடிச்சுப் போட்டு உயரத்தைக் கூட்டுங்க. பலம் வர வர ஒவ்வொரு மடிப்பா எடுத்துடலாம்.

குதிகால் உயர்த்தல்: சமையல் மேடையை விரல் நுனியால தொட்டுக்கிட்டு. மேல போய் ஒரு வினாடி நிக்கணும். 15 தடவை சுலபமா வந்துட்டா ஒத்தைக் காலுக்கு மாறலாம்.

சுவர்த் தண்டால்: சுவரிலிருந்து ரெண்டடி தள்ளி நின்னு, கை தோள் உயரத்துக்குச் சற்றுக் கீழே. சர்க்கரைக்காரங்களுக்குத் தோள்பட்டை இறுகிப்போறது அதிகம். கையைத் தலைக்கு மேல தூக்க முடியல, முதுகுப் பக்கம் ஜாக்கெட் கொக்கி போட முடியலன்னா இதைச் செய்யும் முன்னாடி தோளைக் காட்டிட்டு வாங்க.

பேண்டு இழுத்தல்: ரப்பர் பேண்டை ஜன்னல் கம்பியில மாட்டி முழங்கையைப் பின்னால இழுக்கணும், தோள் காதுக்கு ஏறக் கூடாது. பேண்டுல விரிசல் இருக்கான்னு ஒவ்வொரு தடவையும் பாருங்க, அறுந்தா நேரா முகத்துக்கு வரும்.

பை தூக்குதல்: 5 கிலோ அரிசிப் பையை ஒரு முக்காலி மேல வச்சு, இடுப்பைப் பின்னால தள்ளி, முதுகை நேரா வச்சு எடுக்கணும். தரையிலிருந்து வேண்டாம்.

எப்பக் கூட்டறது? கடைசி ரெண்டு தடவை சிரமப்பட்டு வரணும். அந்தச் சிரமம் இல்லாம தொடர்ந்து ரெண்டு நாள் 12 வந்துட்டா பாரத்தைக் கூட்டுங்க, எண்ணிக்கையைக் கூட்டாதீங்க. ஒரு லிட்டர் தண்ணி பாட்டில் ஒரு கிலோ, அதை வச்சுக்கிட்டே போகலாம். முப்பது நாப்பது தடவை சுலபமாச் செய்யறது தசைக்குப் பெரிசா ஒண்ணும் தராது.

மூச்சை அடக்கித் தூக்கினா பிபி அந்த நேரத்துக்கு எகிறும். பிபி 180/110-க்கு மேல இருந்தா அன்னைக்குப் பயிற்சி வேண்டாம். கண்ணுல விழித்திரைப் பாதிப்பு முத்தின நிலையில இருக்குன்னு டாக்டர் சொல்லியிருந்தா கனமாத் தூக்கறதை அவரைக் கேட்காம ஆரம்பிக்காதீங்க.

---

அகல்விளக்கு எழுதியது:

இதற்குத் தோப்புக்கரணமே போதாதா? உட்கார்ந்து எழும் பழைய பஸ்கியும் அதுதானே?

---

முட்டிவைத்தியர் எழுதியது:

கெட்டதில்ல. முட்டி நல்லா இருக்கிறவங்க தாராளமாப் போடலாம். ஆனா நாம போடற தோப்புக்கரணம் வேகமா, பாதி இறங்கி, குதிச்சு எழுந்திருக்கிற தோப்புக்கரணம். மெதுவாப் போட்டா பஸ்கி மாதிரியே வேலை செய்யும். ஆழமா உட்கார்றது முட்டி வலி உள்ள 58 வயசுக்காரருக்கு முதல் படி இல்ல, நாலாவது ஐந்தாவது படி.

---

கொள்ளிடக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மாத்திரை விவரம்: சுகருக்கு மெட்ஃபார்மின் 500 காலை, இரவு. கிளிமிபிரைடு 1 மி.கி. காலை. பிபிக்கு டெல்மிசார்டன் 40. காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டு நடக்கக் கிளம்புகிறார், வந்துதான் சாப்பிடுகிறார். இரண்டு மூன்று முறை தலை கிறுகிறுத்து வியர்த்தது என்றார், வெயில் என்று நினைத்தோம். தரையில் உட்கார்ந்து எழும்போது வலது முட்டி வலிக்கிறது. இன்னொன்று, பயிற்சி செய்தால் பசி கூடிச் சுகர் ஏறிவிடாதா என்று பயப்படுகிறார்.

---

சர்க்கரைக்கணக்கு எழுதியது:

இந்தத் தகவல் முக்கியம். அந்தக் கிறுகிறுப்பு வெயிலாக இல்லாமல் தாழ்சர்க்கரையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் இந்தப் பயம் பெரும்பாலும் இல்லை. கிளிமிபிரைடு அப்படியல்ல. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அது கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். அதைப் போட்டுக்கொண்டு, ராத்திரியிலிருந்து சாப்பிடாமல், தசையையும் வேலை வாங்கினால் மூன்றும் ஒரே திசையில் இழுக்கும்.

நாளையிலிருந்தே மாற்ற வேண்டியது வரிசை. எழுந்ததும் மாத்திரை இல்லாமல் நடை, வந்து குளித்து, மாத்திரை போட்டு உடனே டிபன். கிளிமிபிரைடு நாளின் முதல் சாப்பாட்டோடு போக வேண்டிய மாத்திரை. கிளம்பும் முன் சுகர் பார்க்கட்டும். 90-க்குக் கீழே இருந்தால் 15 கிராம் மாவுச்சத்து, அதாவது ஒரு சின்ன வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும். 250-க்கு மேல் இருந்து உடம்பும் சரியில்லை, வாந்தி, அதிக தாகம் என்றால் அன்று நடை வேண்டாம், டாக்டரைப் பார்க்க வேண்டும்.

இடுப்பில் சொருகிய சின்னப் பையில் மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸ் பொடியோ எப்போதும் இருக்க வேண்டும். கை நடுக்கம், வியர்வை, திடீர்ப் பசி, படபடப்பு என்றால் நின்று அதை வாயில் போட்டுக்கொண்டு, 15 நிமிடம் கழித்து மீட்டரில் பார்க்க வேண்டும். 70-க்குக் கீழேயே நின்றால் இன்னொரு முறை. சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். தனியாக நடப்பதைக் கொஞ்ச நாள் தவிர்க்கட்டும்.

அந்த இரண்டு மூன்று கிறுகிறுப்பையும் அடுத்த முறை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். எச்பிஏ1சி இறங்கிவரும் நிலையில் கிளிமிபிரைடைக் குறைக்கலாமா என்பதை அவர் முடிவு செய்வார், நீங்களாக நிறுத்தாதீர்கள். மாத்திரை குறைவது எடை மெஷினில் தெரியாத இன்னொரு லாபம்.

பசி பற்றி: அரை மணி நடைக்குப் பசி அவ்வளவு கூடாது, "நடந்துவிட்டேன், சாப்பிடலாம்" என்ற நினைப்புதான் கூடும். தசைப் பயிற்சி தொடங்கினால் புரதத்தைக் கூட்டுங்கள். 61 கிலோவுக்கு நாளுக்கு 60 கிராம் என்று வைத்துக்கொண்டால், இட்லி சாதம் ரசம் என்று ஓடும் வீட்டில் 40 வருவதே கஷ்டம். இரண்டு முட்டை 12 கிராம், ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டல் சுமாராக 12, கால் கிலோ தயிர் 8. சாயங்கால முறுக்கை எடுத்துவிட்டுச் சுண்டலை வைத்தால் பாதி வேலை முடிந்தது. சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் போகிறது, கிரியாட்டினின் கூடுதல் (சிறுநீரகப் பாதிப்பின் அறிகுறிகள்) என்றால் மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டுக் கூட்டுங்கள்.

---

முட்டிவைத்தியர் எழுதியது:

முட்டி வலிக்கு: வீக்கம், சூடு, முட்டி பூட்டிக்கிறது, திடீர்னு காலை வாரிவிடறது, இதெல்லாம் இருந்தா முதல்ல டாக்டர். அது இல்லாத தேய்மான வலின்னா தொடை முன்பக்கத் தசையைப் பலப்படுத்தறதுதான் முதல் மருந்து, எடை குறையலன்னாலும் வலி குறையும். அளவுகோல் இது: பத்துக்கு நாலு வரைக்கும் வலி இருந்தாப் பரவாயில்ல, அடுத்த நாள் காலைக்குள்ள பழைய நிலைக்கு வந்துடணும். வரலன்னா அன்னைக்குச் செஞ்சது அதிகம், உயரத்தைக் கூட்டுங்க, பயிற்சியை நிறுத்தாதீங்க. தொடை, கெண்டைக்கால்ல ரெண்டு மூணு நாள் இருக்கிற சதை வலி வேற, அது புதுசாத் தொடங்கினவங்களுக்கு வர்றது, ரெண்டாவது வாரத்துல தானாக் குறையும்.

நடக்கும்போது மட்டும் கெண்டைக்கால் இறுக்கிப் பிடிச்சு, நின்னதும் விட்டுப்போகுதுன்னா அது சதை வலி இல்ல. ரத்தக்குழாய் அடைப்பா இருக்கலாம், தள்ளிப்போடாமக் காட்டுங்க. "கால் வலிதான் மிச்சம்"னு முதல்ல எழுதினீங்களே, அது இதுல எதுன்னு அம்மாகிட்ட தெளிவாக் கேளுங்க. நெஞ்சு இறுக்கம், தாடை, இடது கை வலிக்கும் இதே விதி.

---

லேப்மேசை எழுதியது:

ஒன்று விட்டுப்போனது. தசைப் பயிற்சி ஆரம்பித்த பிறகு ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது, அதற்கு முந்தைய மூன்று நான்கு நாள் கனமான பயிற்சி வேண்டாம், நடை மட்டும். தொடைப் பயிற்சி புதிதாகச் செய்தவர்களுக்கு ரத்தத்தில் பார்க்கும் எஸ்ஜிஓடி, சிபிகே என்ற நொதிகள் கூடும், எஸ்ஜிபிடி-யும் சற்று ஏறலாம். அது தசையிலிருந்து வருவது. ரிப்போர்ட்டைப் பார்த்து ஈரல் கெட்டுவிட்டது என்று பயந்து வருபவர்கள் உண்டு. சிறுநீர் மைக்ரோஆல்புமினுக்கு முந்தைய ஒரு நாள் வேக நடையும் வேண்டாம், பொய்யாகக் கூட்டிக் காட்டும். எச்பிஏ1சி-க்கு இந்தக் கட்டுப்பாடு எதுவும் இல்லை, சாப்பிட்டுவிட்டே கொடுக்கலாம். டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு கடைசி நடைக்குப் பின் ஓரிரு நாள் இறங்கியே இருக்கும், ஆகவே ஒவ்வொரு முறையும் அதே இடைவெளியில் எடுத்தால்தான் போன ரிப்போர்ட்டோடு ஒப்பிட முடியும். போகும்போது கடைசியாக எந்த நாள் என்ன பயிற்சி செய்தார் என்று சீட்டிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.